நள்ளாற்று நத்தைகள்

சனி பகவானுக்குச் சனைச்சரன் என்று ஒரு பெயர் உண்டு. மெல்ல நடப்பவன் என்று அர்த்தம். ஒரு ராசியைக் கடக்க அவருக்கு இரண்டரை வருஷம் ஆகிறது. பன்னிரண்டு ராசியையும் சுற்றி வர ஏறக்குறைய முப்பது வருஷம். அப்பேர்ப்பட்ட மெதுநடைக்காரர் எழுந்தருளியிருக்கும் ஊருக்குப் போய், அவரையும் மிஞ்சிய இன்னொரு மெதுநடைக்காரரிடம் நான் பட்ட பாட்டைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

ஐப்பசி மாதம். அடைமழை தொடங்கியிருந்தது. என் கணவருக்கு ஏழரை நாட்டுச் சனி என்று யாரோ சொல்லிவிட்டதால், "ஒரு சனிக்கிழமை திருநள்ளாறு போய் வந்துவிடுவோம்" என்று கிளம்பினோம். ஊரில் என் அத்தை இருக்கிறாள் என்பது இன்னொரு சௌகரியம். இரண்டு நாளில் திரும்புவதாகத்தான் ஏற்பாடு. நான் திரும்ப மூன்று வாரம் ஆயிற்று.

மாயவரத்தில் (மயிலாடுதுறை என்று சொன்னால் எங்கள் அத்தைக்குப் புரியாது!) ரயிலை விட்டு இறங்கிப் பஸ் ஏறினோம். பேரளம் தாண்டி, அம்பகரத்தூர் வழியாகப் போகிறது பாதை. இரு பக்கமும் நடவு முடிந்த வயல்கள். வரப்போரத்தில் சாம்பல் வெள்ளை நிறத்தில் நாரைகள் நின்றுகொண்டிருந்தன. மூடிய அலகிலும் நடுவே ஓர் இடைவெளி தெரிந்தது. பாக்கு வெட்டியை நினைவூட்டும் அலகு! "அதற்கு நத்தை குத்தி நாரை என்று பெயர்" என்றார் பக்கத்து ஸீட் பெரியவர். வயல் நத்தையை ஓட்டிலிருந்து லாகவமாக உருவித் தின்பதில் அது நிபுணராம். அப்போது அது என் காதில் விழுந்ததோடு சரி. பின்னால்தான் அந்த நாரையை நினைத்து நினைத்து ஏங்கினேன்.

வழியில் ஓர் இடத்தில் தமிழ்நாடு முடிந்து புதுச்சேரிப் பிரதேசம் ஆரம்பமாகிறது. சிவப்புத் தொப்பிப் போலீஸ்காரரைக் கண்டால் எல்லை தாண்டிவிட்டோம் என்று தெரிந்துகொள்ளலாம். காரைக்கால் 1739-ல் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போயிற்று. 1954 நவம்பர் முதல் தேதிதான் நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது; சட்டப்படியான மாற்றம் 1962-ல் முடிந்தது. பிரெஞ்சுக்காரர் போய்விட்டார்கள், தொப்பி மட்டும் தங்கிவிட்டது.

காரைக்காலுக்கு மேற்கே ஐந்து கிலோமீட்டர் தூரத்தில் திருநள்ளாறு. தர்ப்பைக் காடாக இருந்த இடம் என்பதால் ஸ்வாமிக்குத் தர்ப்பாரண்யேசுவரர் என்று திருநாமம். அம்பாள் பிராணாம்பிகை. ஊருக்கு ஜனங்கள் வருவதெல்லாம் பெரும்பாலும் சனி பகவானைப் பார்க்கத்தான். நள மகாராஜாவைப் பிடித்த சனி இங்கேதான் அவரை விட்டு நீங்கினார் என்பது ஐதிகம். நள தீர்த்தத்தில் எண்ணெய் தேய்த்து முழுகி, கட்டிய துணியை அங்கேயே விட்டுவிட்டு, திரும்பிப் பாராமல் போகிறவர்கள் உண்டு. துணியோடு சனியும் போய்விடுமாம். அந்தத் துணியை யார் அள்ளுகிறார்கள் என்று நானும் அன்று யோசிக்கவில்லை.

தரிசனம் முடித்து அத்தை வீட்டுக்குப் போனோம். வாசலில் கால் வைத்ததும் எனக்குத் திக்கென்றது. எப்போது போனாலும் மணத்தோடு வரவேற்கும் தோட்டம் அது. கனகாம்பரம், சாமந்தி, நந்தியாவட்டை, ஓரத்தில் ஒரு பாத்தி முளைக்கீரை. அத்திம்பேர் காலமான பிறகு அத்தைக்குத் துணை அந்தத் தோட்டம்தான். பூத்தொடுத்துத் தெருவில் நாலு வீட்டுக்குக் கொடுப்பாள். அதில் வருவது அவள் கைச்செலவுக்கு. வெள்ளிக்கிழமை தொடுத்தது மட்டும் விலைக்கு இல்லை, அது பிராணாம்பிகைக்கு. பதினோரு வருஷமாக ஒரு வெள்ளி தவறியதில்லை.

இப்போது சாமந்தி இருந்த இடத்தில் குச்சிகள் நின்றன. கீரைப் பாத்தி சல்லடையாக இருந்தது.

"என்ன அத்தை இது? ஆடு புகுந்துவிட்டதா?"

"ஆடு புகுந்தால் விரட்டலாமே, தங்கம்! சம்பந்தர் ஏடு நெருப்பிலே வேகாமல் பச்சையாய் இருந்ததாம், இந்த ஊர்ப் பதிகம். அப்பேர்ப்பட்ட ஊரிலே என் செடி மழையிலே நின்று பச்சை போயிருக்கு, பார்" என்றாள் அத்தை.

அவள் சொன்னதன் பொருள் விளக்கு வைத்த பிறகு தெரிந்தது. டார்ச் விளக்கை அடித்துக்கொண்டு கொல்லைப்புறம் போனேன். அம்மம்மா! கிணற்றடியில், துவைக்கிற கல்லில், பூந்தொட்டியின் விளிம்பில், எங்கே பார்த்தாலும் நத்தை. சில என் சுண்டு விரல் நகம் அளவு. சில கை விரல் நீளம். பழுப்பு ஓட்டில் கோடு கோடாக வரி. ஓடே இல்லாமல் கறுப்பாகத் தோல் செருப்புத் துண்டு மாதிரி ஊர்ந்தவையும் உண்டு. சுண்ணாம்புச் சுவரிலும் ஏறி நின்றன. ஓடு வளரச் சுண்ணாம்புச் சத்து வேண்டுமாம். அதற்காகச் சுவரைச் சுரண்டுமாம்.

"வயல் நத்தைதானே அத்தை, இது?"

"அது வேறே, இது வேறே. அது தண்ணியிலே கிடக்கும், உருண்டையாய் இருக்கும், வாயிலே மூடி இருக்கும். இதுக்கு மூடி கிடையாது. போன வருஷம் வெளியூரிலிருந்து ஒரு ரோஜாத் தொட்டி வாங்கி வந்தேன். அதோடு வந்த சீதனம்!"

இதைச் சொல்லிக்கொண்டே பின் படியில் கால் வைத்தவள், நத்தை இழுத்த கோழையில் வழுக்கி விழுந்தாள். நல்ல வேளை, எலும்பு முறியவில்லை. கணுக்கால் பூரிபோல் வீங்கிவிட்டது. "மூன்று வாரம் நடக்கக் கூடாது" என்றார் வைத்தியர். என் கணவர் திங்கட்கிழமை ஆபீஸுக்குப் போக வேண்டும். நான் தங்கினேன்.

படுக்கையில் கிடந்தபடி அத்தை கேட்ட முதல் கேள்வி, "வர வெள்ளிக்கிழமைக்குப் பூ?" என்பதுதான்.

புறப்படும் முன்னே கணவரிடம் ஒரு வேலை சொன்னேன். நத்தைக்குப் பீர் என்றால் பிடிக்கும், தட்டில் ஊற்றி மண்ணில் பதித்து வைத்தால் விழுந்து சாகும் என்று எங்கோ படித்திருந்தேன். அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! "சனீசுவரனைக் கும்பிட வந்த ஊரிலே என்னைப் பீர்க் கடைக்கு அனுப்புகிறாயா? யாராவது பார்த்தால் நத்தைக்கு என்று சொன்னால் நம்புவானா?" என்றார். கடைசியில் காரைக்கால் மளிகைக் கடையிலிருந்து ஈஸ்ட் பொட்டலம் ஒன்று வாங்கி வந்து கொடுத்தார். நத்தைக்கு வேண்டியது புளித்த வாசனைதான். கோதுமை மாவில் ஈஸ்டும் தண்ணீரும் விட்டுக் கரைத்துப் புளிக்க வைத்தாலே போதும். மறுநாள் காலை தட்டைச் சுற்றி ஒரு கூட்டம் கிடந்தது. ஆனால் வந்ததைப் பிடிக்க ஆள் வேண்டும். இல்லாவிட்டால் மாவையும் தின்றுவிட்டுச் செடியையும் தின்னும்.

அடுத்து நான் செய்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. நத்தை மேல் உப்பைத் தூவினால் அதன் உடம்பு நீரெல்லாம் வெளியேறிச் செத்துவிடும் என்பது குழந்தைக்கும் தெரியும். அத்தை தூங்கும் நேரம் பார்த்து, இரண்டு படி கல்லுப்பைக் கனகாம்பரப் பாத்தி ஓரமாக வரிசையாகக் கொட்டினேன். அன்றிரவு நத்தைகள் செத்தன. அன்றிரவே மழையும் பெய்தது. நாலாம் நாள் கனகாம்பரம் ஒரு வரிசை முழுவதும் தலை சாய்ந்தது. நத்தையிடமிருந்து நீரை உறிஞ்சிய உப்பு, கரைந்து இறங்கி வேரிடமிருந்தும் உறிஞ்சிவிட்டது. கடலோர மண்ணில் உப்புக்குப் பஞ்சமா? 2004 டிசம்பர் 26-ல் சுனாமி வந்து காரைக்கால் கரையோரத்து நிலத்தில் கடல் நீர் புகுந்தபோது என்ன ஆயிற்று என்று பார்த்தவள் அத்தை. "சமுத்திரம் எட்டாத தோட்டத்துக்கு நீ கொண்டு வந்து கொடுத்துவிட்டாயே" என்று மட்டும் சொன்னாள். அதற்கு மேல் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

அந்த வெள்ளிக்கிழமை நந்தியாவட்டையை மட்டும் தொடுத்துக் கோயிலுக்குக் கொண்டு போனேன். மாலை ஒரு சாண்தான் இருந்தது.

இதற்கு நடுவில் இன்னொரு விஷயம் என் கண்ணில் பட்டது. அடுத்த வீட்டு டீச்சரம்மா எட்டிப் பார்க்கவில்லை. இருபது வருஷச் சிநேகம் அது. அத்தைக்குக் காய்ச்சல் என்றால் கஞ்சி அங்கிருந்துதான் வரும். கேட்டபோது அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "இரண்டு வீட்டுக்கும் நடுவிலே குட்டைச் சுவர்தானே? அவள் தோட்டத்து நத்தையையெல்லாம் பொறுக்கி என் பக்கம் எறிகிறாள். என் கண்ணாலே பார்த்தேன்."

"நீங்கள் என்ன செய்தீர்கள்?"

அத்தை கொஞ்ச நேரம் பேசவில்லை. "நானும் எறிந்தேன்" என்றாள்.

எனக்கு இங்கிலாந்துப் பாட்டி ஒருத்தி ஞாபகத்துக்கு வந்தாள். ரூத் புரூக்ஸ் என்று பெயர். தோட்டத்து நத்தையை எடுத்துப் போய் வெளியே விட்டால் திரும்பி வருமா என்று அவளுக்குச் சந்தேகம். நத்தை ஓட்டில் நகப்பூச்சுத் தடவி அடையாளம் வைத்துப் பார்த்தாள். வந்துவிட்டன! 2010-ல் பி.பி.ஸி. வானொலி அவளுக்கு அந்த வருஷத்தின் சிறந்த அமெச்சூர் விஞ்ஞானி என்று பட்டம் கொடுத்தது. பிற்பாடு நடந்த ஆராய்ச்சியில், சுமார் இருபது மீட்டருக்கு அப்பால் கொண்டு விட்டால்தான் நத்தை திரும்பாது என்று கண்டார்கள்.

என் கைப்பையில் சிவப்பு நகப்பூச்சு ஒன்று இருந்தது. கையில் காகித உறை மாட்டிக்கொண்டு, பத்து நத்தைகளுக்குப் பொட்டு வைத்தேன். மனசைக் கல்லாக்கிக்கொண்டு சுவருக்கு அந்தப் பக்கம் விட்டேன். மூன்றாம் நாள் இரவு டார்ச் அடித்துப் பார்த்தால், சிவப்புப் பொட்டு வைத்துக்கொண்டு நாலு பேர் கீரைப் பாத்தியில் ஜம்மென்று உட்கார்ந்திருந்தார்கள்!

அந்த நாலையும் ஒரு டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டு டீச்சரம்மா வீட்டுக் கதவைத் தட்டினேன். நடந்ததைச் சொன்னேன். அவர் டப்பாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு விழுந்து விழுந்து சிரித்தார். "ஆக, நானும் அக்காவும் ஒரே நத்தையைத்தான் மாற்றி மாற்றி எறிந்திருக்கிறோம்!" என்றார். அன்றிரவே கஞ்சி வந்தது. கஞ்சியோடு அவரும் வந்தார். இரண்டு பேரும் முதலில் நத்தையைப் பற்றிப் பேசவில்லை. கணுக்காலைப் பற்றித்தான் பேசினார்கள்.

நள தீர்த்தத்தில் விட்டு வரும் துணி அப்போது என் நினைவுக்கு வந்தது. நம்மைப் பிடித்ததை அடுத்தவர் பக்கம் தள்ளிவிட்டால் போய்விடும் என்று நினைக்கிறோம்!

காரைக்காலில் 1987 முதல் பண்டித ஜவஹர்லால் நேரு பெயரால் ஒரு வேளாண்மைக் கல்லூரி இருக்கிறது. டீச்சரம்மாவிடம் சிறு வயதில் படித்த பையன் ஒருவன் அங்கே படிக்கிறான். மறுநாள் அவனை அழைத்து வந்தார். பெரிய நத்தையைப் பார்த்ததுமே, "இது ஆப்பிரிக்க ராட்சத நத்தை" என்றான் அவன். கிழக்கு ஆப்பிரிக்காவில் பிறந்தது. 1847-ல் பென்ஸன் என்ற வெள்ளைக்காரர் மொரீஷியஸிலிருந்து கொண்டு வந்து கல்கத்தா சௌரங்கியில் ஒரு தோட்டத்தில் விட்டாராம். அங்கிருந்து ஆரம்பித்த யாத்திரை! தொட்டி மண்ணிலும் நாற்றிலும் மரக்கட்டையிலும் ஒளிந்துகொண்டு ஊர் ஊராகப் போகிறது. ஒவ்வொன்றிலும் ஆண் பெண் இரண்டும் உண்டு. ஒரு தடவைக்கு நூற்றுக்கணக்கில் முட்டையிடும். கோடையில் ஓட்டு வாயைச் சவ்வால் மூடிக்கொண்டு மாதக்கணக்கில் தூங்கும். முதல் மழைக்கு எழுந்து வரும்.

"1966-ல் அமெரிக்காவிலே ஒரு பையன் ஹவாயிலிருந்து மூன்றே மூன்று நத்தை கொண்டு வந்தான். அவன் பாட்டி அதைத் தோட்டத்திலே விட்டுவிட்டாள். ஏழே வருஷத்தில் பதினெட்டாயிரம்! ஃபுளோரிடா சர்க்கார் பத்து லட்சம் டாலர் செலவழித்து ஒழித்தது" என்றான்.

"பாட்டிகளே இப்படித்தான்" என்றாள் அத்தை, ரோஜாத் தொட்டியைப் பார்த்துக்கொண்டே.

"இதைத் தின்னும் வேறு நத்தை ஒன்றைக் கொண்டு வந்து விட்டால் என்ன?" என்று கேட்டேன். ஹவாயில் 1955-ல் அப்படியும் செய்து பார்த்தார்களாம். வந்த வேட்டை நத்தை, ராட்சத நத்தையை விட்டுவிட்டு அந்தத் தீவுக்கே உரிய சின்ன நத்தைகளைத் தின்றது. அவற்றில் பல இனங்கள் இன்று இல்லை. நம் ஊர்ச் செம்போத்து இதைத் தின்னும். வாத்தும் குஞ்சு நத்தையைத் தின்னும். இருப்பவர்களை விரட்டாமல் இருந்தால் போதும் என்றான்.

அவன் சொல்லி, நாங்கள் செய்து பார்த்ததை வரிசையாக எழுதுகிறேன். தோட்டம் வைத்திருக்கும் சகோதரிகளுக்கு உபயோகப்படும்.

முதலில், தண்ணீர் விடும் நேரத்தை மாற்றினோம். மாலையில் விட்டால் ராத்திரி முழுவதும் மண் ஈரமாக இருக்கும்; அது நத்தைக்கு விருந்து அழைப்பு. காலையில் விட்டால் சாயங்காலத்துக்குள் மேல்மண் காய்ந்துவிடும். இரண்டாவது, ஒளிந்துகொள்ள இடம் இல்லாமல் செய்தோம். கவிழ்த்து வைத்த தொட்டி, பழைய செங்கல், அழுகிய மட்டை எல்லாம் அப்புறப்பட்டன. செங்கற்களுக்கு அடியில் மண்ணைக் கிளறியபோது ஜவ்வரிசி சிந்தினாற்போல் ஒரு குவியல் கிடந்தது. "யார் இங்கே பாயசம் வைத்தது?" என்றேன். முட்டைகள்! ஒரு குவியலை அழித்தால் நூறு நத்தையைப் பிடித்த புண்ணியம்.

மூன்றாவது, பொறி. பழைய சாக்கை நனைத்து அதற்குள் முட்டைக்கோஸ் இலை, பப்பாளி இலை, பப்பாளித் தோல் போட்டு மாலையில் தோட்டத்தில் வைக்க வேண்டும். விடியற்காலையில் சாக்கை விரித்தால் ஊரே கூடியிருக்கும். நாலாவது, இருட்டிய பிறகு டார்ச்சும் கையுமாகப் பொறுக்குவது. வெறுங்கையால் தொடவே கூடாது. எலியிடமிருந்து ஒரு புழு இந்த நத்தைக்குள் புகுந்திருக்கும். அது மனிதர் உடம்புக்குப் போனால் மூளையுறையில் அழற்சி உண்டாகும். ஆகவே குழந்தைகளை விளையாட விடக் கூடாது. தோட்டத்துக் கீரையை நாலு தண்ணீரில் அலசி, நன்றாக வேக வைத்துத்தான் சாப்பிட வேண்டும்.

பொறுக்கியதை உப்புக் கரைசல் வாளியில் போட்டு, செத்த பிறகு குழி தோண்டிப் புதைக்கலாம். கவனியுங்கள், உப்பு வாளியில்தான், பாத்தியில் அல்ல! அந்தக் கரைசலையும் செடிக்கு ஊற்றிவிடக் கூடாது.

முட்டை ஓட்டைப் பொடித்துச் செடியைச் சுற்றித் தூவினால் நத்தை வராது என்று நானும் நம்பியிருந்தேன். இங்கிலாந்தில் ராயல் தோட்டக்கலைச் சங்கத்தார் முட்டை ஓடு, செம்புப் பட்டை முதலிய ஐந்தைச் சோதித்து, ஒன்றாலும் பிரயோஜனமில்லை என்று 2018-ல் சொல்லிவிட்டார்கள். சாம்பலும் சுண்ணாம்பும் உலர்ந்திருக்கும் வரையில்தான் காவல். ஒரு மழைக்குத் தாங்காது. கேரளத்தில் புகையிலைக் கஷாயமும் மயில்துத்தக் கரைசலும் கலந்து தெளிக்கிறார்கள். நத்தை சாகும், ஆனால் மயில்துத்தம் குளத்தில் கலந்தால் மீனும் சாகும். கீரைக்குப் பக்கத்தில் அது வேண்டவே வேண்டாம். கடையில் விற்கும் மெட்டால்டிஹைடு குருணை நாய்க்கும் விஷம். பிரிட்டனில் 2022 முதல் வெளியிடங்களில் அதை உபயோகிக்கத் தடை. டீச்சரம்மா வீட்டில் ஒரு நாய் உண்டு. எனவே அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

மிச்சம் இருந்தது ஒரே மருந்து: தினமும் பொறுக்குவது. அதுவும் இரண்டு தோட்டத்திலும் ஒரே நேரத்தில். ஒரு வீட்டில் பொறுக்கி அடுத்த வீட்டில் விட்டால் பலனில்லை.

ராத்திரி எட்டு மணி ஆனால் சுவருக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் டீச்சரம்மா. திண்ணையில் நாற்காலி போட்டுக் காலை நீட்டிக்கொண்டு அத்தை கணக்கு எழுதுவாள். முதல் நாள் இரண்டு வீட்டிலுமாக நூற்று நாற்பத்து மூன்று. ஒரு வாரத்தில் அறுபதாக இறங்கியது. நான் புறப்படும் நாளில் பத்தொன்பது. கணக்கு நோட்டின் மேல் அத்தை பிள்ளையார் சுழி போட்டிருந்தாள்.

மூன்றாவது வெள்ளிக்கிழமை மாலை ஒரு முழம் வந்தது. டீச்சரம்மா வீட்டுச் செம்பருத்தியும் அதில் இருந்தது. அத்தை கம்பை ஊன்றிக்கொண்டு தானே கோயிலுக்கு வந்தாள். ஒரு கையைப் பிடித்துக்கொண்டு டீச்சரம்மா. இரண்டு பேரும் வெகு மெதுவாகத்தான் நடந்தார்கள். சனி பகவான் சந்நிதியைத் தாண்டும்போது, "இவருக்கு மேலே நாம் மெதுவாய்ப் போகிறோம், டீச்சர்" என்றாள் அத்தை.

இப்போது வாரம் ஒரு முறை டெலிபோன் வருகிறது. சௌக்கியம் விசாரிக்கும் முன்னே எண்ணிக்கை சொல்லிவிடுவாள். போன வாரம் நாலு. தலை சாய்ந்த கனகாம்பர வரிசையில், மேல்மண்ணை எடுத்துப் போட்டுப் புது மண்ணும் எருவும் இட்டு நாற்று நட்டிருக்கிறாளாம். சிவப்புப் பொட்டுக்காரர்களில் ஒருவர் மட்டும் இன்னும் அகப்படவில்லையாம்.

"வரட்டும், அவசரமில்லை. பொறுமையிலே நானும் அதற்குக் குறைந்தவள் இல்லை" என்கிறாள் அத்தை.